ட்ரம் காலியான வருஷம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக நான் சேர்ந்த அன்று, சமையலறைக்குள் போவதற்கு முன்பே அதன் பின்னால் இருந்த நீல ட்ரம்மைப் பார்த்துவிட்டேன். என் இடுப்பு உயரம் இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ட்ரம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோறு, தொடாமல் அப்படியே கொட்டிய சோறு, பாதி கடித்த முட்டை, எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே பின்பக்கக் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒருவர் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்தார். இரண்டு பெரிய கேன்களை இறக்கி, உரிமையோடு ட்ரம்மைச் சாய்த்து ஊற்ற ஆரம்பித்தார்.

"புது டீச்சராம்மா?" என்றார். "நம்மகிட்ட மாடு கீது. ஏரிக்கரையாண்ட கட்டியிருக்கேன். டெய்லி வருவேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நானும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் முகத்தில் இருந்த நிம்மதி எனக்கு உறுத்தியது. பிள்ளைகளுக்காக அரசாங்கம் அரிசியும் பருப்பும் முட்டையும் கொடுக்கிறது, இரண்டு பெண்கள் காலையிலிருந்து அடுப்பில் வேகிறார்கள், கடைசியில் பெருங்களத்தூரிலேயே நன்றாகச் சாப்பிடுவது இவருடைய மாடுகள்தான். இந்த ட்ரம்மைக் காலி செய்யாமல் விடுவதில்லை என்று அங்கேயே நின்று முடிவு செய்தேன். எப்படி என்று தெரியாது. முடிவு மட்டும் செய்துவிட்டேன். என் சுபாவம் அப்படி.

அதற்கு முன் நான் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் மேற்பார்வை பார்த்தேன். ஷிப்டுக்கு ஷிப்டு நூற்றுக்கணக்கான ஆட்கள் சாப்பிடும் இடம். சாப்பாடு சரியில்லை என்றால் அங்கே யாரும் குப்பையில் போட மாட்டார்கள். தட்டை மேசையில் தட்டுவார்கள். ஒரு மேசையில் ஆரம்பித்தால் ஹால் முழுக்கப் பரவும், மேனேஜர் ஓடி வருவார். கணவர் இறந்த பிறகு, வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை வேண்டும் என்று சத்துணவு வேலைக்கு எழுதிப் போட்டுக் கிடைத்தது. இங்கே வந்து பார்த்தால், சாப்பாடு நன்றாக இல்லை என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. சத்தமில்லாமல் எழுந்து போய்க் கொட்டிவிட்டு, தட்டைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. எனக்குத் தட்டுச் சத்தமே தேவலை என்று இருந்தது.

எங்களுடையது எட்டாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளி. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவில். மூன்று பக்கமும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்துவிட்டன. அந்த மாடிகளில் வீட்டு வேலை செய்கிறவர்கள், அவற்றுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், தொழிற்சாலைகளில் கான்ட்ராக்டில் இருப்பவர்கள் எல்லாருடைய பிள்ளைகளும் எங்களிடம்தான் படிக்கிறார்கள்.

சமையல்காரம்மா என்னைவிடச் சில வருஷம் பெரியவர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். முதல் வாரம் முழுக்க நான் ஒன்றும் பேசாமல் அவர் வேலையைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய அலுமினிய அண்டாவில் சோற்றை வடிக்கும் வேகமும், பருப்பில் கை வைத்துப் பதம் பார்க்கும் விதமும், கேன்டீனில் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆட்களிடம்கூட நான் பார்த்ததில்லை. பத்தரை மணிக்கெல்லாம் எல்லாம் இறங்கிவிடும். மூடி போட்டு, மேலே ஈரத் துணி போட்டுவிட்டு, "வூட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துர்றேன் டீச்சர்" என்று கிளம்பிவிடுவார். மணி அடிக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து, மூச்சு வாங்கப் பரிமாறுவார்.

ஒரு நாள் இறக்கின சூட்டோடு ஒரு கரண்டி சோறும் சாம்பாரும் போட்டுக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது. பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் அதே சோற்றை மறுபடி போட்டுக்கொண்டேன். களிமண் உருண்டை மாதிரி கட்டியாக இருந்தது. சாம்பார் மேல் ஆடை படிந்திருந்தது.

"அக்கா, காலையில சாப்பிட்டேன், அவ்வளவு நல்லா இருந்துச்சு. இப்ப வேற சோறு மாதிரி இருக்கே?"

"ரெண்டு மணி நேரம் மூடி வச்சா எந்தச் சோறு டீச்சர் நல்லா இர்க்கும்?"

"அப்ப ஏன் இவ்வளவு சீக்கிரம் இறக்குறீங்க?"

அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். உதவிக்கு இருந்த பெண் எங்களைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அப்புறம்தான் அக்கா சொன்னார்.

"வூட்டுக்கெல்லாம் போகல டீச்சர். எதிர்த்தாப்ல அபார்ட்மெண்ட்ல ஒரு வூட்ல வேலை செய்றேன். இங்க குடுக்கிறத வச்சிகினு வாடகை குடுத்துட்டு இன்னாத்த துன்றது? மேலிடத்துல சொல்லணும்னா சொல்லிக்கோ. இனிமே நா மறைக்கல."

மேலிடத்தில் சொல்லியிருந்தால் அவருக்கு வேலை போயிருக்கும். வேறு ஒருவர் வருவார், அவருக்கும் வாடகை இருக்கும். "அந்த வீட்டம்மா நேரத்தை மாத்திக் குடுத்தா உங்களுக்குச் சரியா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "யாரு கேக்கறது?"

"நான் கேக்கறேன்."

அன்று மாலையே இரண்டு பேரும் போனோம். செக்யூரிட்டி எங்களைச் சர்வீஸ் லிப்டில் ஏறச் சொன்னார். கதவைத் திறந்தவருக்கு முப்பது வயசு இருக்கலாம். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. சிறுசேரியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறார் என்று அக்கா வழியில் சொல்லியிருந்தார்.

"மேடம், நான் எதிர்ல ஸ்கூல்ல சத்துணவு பாக்கறேன். இவங்க லெவன் ஓ கிளாக் வர்றதுக்குப் பதிலா மூணு மணிக்கு மேல வரலாமான்னு கேக்க வந்தோம்."

"லெவன்தான் எனக்கு செட் ஆகுது. ஆஃப்டர்நூன் ஃபுல்லா கால்ஸ் இருக்கும். பாத்திரம் சத்தம், மிக்ஸி சத்தம்… ரொம்ப கஷ்டம்ங்க."

"பாத்திரத்த பால்கனில வச்சி தேச்சிக்கிறேன்மா. கதவ சாத்திக்கோ. சத்தமே கேக்காது" என்றார் அக்கா.

அந்தப் பெண் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, கிண்டல் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "அந்த ஸ்கூல் சாப்பாட்டை யாருங்க சாப்பிடுறாங்க?"

"இப்போதைக்கு மாடு சாப்பிடுதுங்க மேடம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நான் ட்ரம்மைப் பற்றிச் சொன்னேன். ஒரு மாதம் பார்க்கலாம், சரிப்படவில்லை என்றால் பழையபடிதான் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். லிப்டில் இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார், அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் அண்டா இறங்கியது. ஆவி பறக்கிற சோற்றைப் பார்த்துச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். மறுசோறு கேட்கும் குரலை அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். ட்ரம் பாதியாகக் குறைந்தது. ஆனால் பாதிக்குக் கீழே போக மறுத்தது. காரணம், ஆறாம் வகுப்பிலிருந்து மேலே உள்ளவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. அவர்கள் பெயருக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறோம். பையன்கள் சிலர் வந்து வாங்குவார்கள், பெண்பிள்ளைகள் அநேகமாக ஒருவரும் வர மாட்டார்கள். "அவங்கல்லாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வர்றாங்க" என்று வகுப்பு ஆசிரியைகள் சொன்னார்கள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் உப்புப் பாக்கெட் வாங்க மெயின் ரோட்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குள் எங்கள் சீருடையில் மூன்று பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு. அந்த வழியாகப் போன பஸ் எதிலும் அவர்கள் ஏறவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள்.

"என்னம்மா, இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"வீட்ல சாப்ட்டுட்டு வந்துட்டோம் மிஸ். மணி அடிக்கலல்ல, அதான்" என்றாள் உயரமானவள்.

அவள் வீடு நெடுங்குன்றம் பக்கம் என்று எனக்குத் தெரியும். போய்ச் சாப்பிட்டு வர அந்த இடைவேளை போதாது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள், கதவு பூட்டியிருக்கும். பள்ளியில் காலைச் சிற்றுண்டி ஐந்தாம் வகுப்பு வரைதான். அப்படியென்றால் இந்தப் பிள்ளைகள் காலையிலிருந்து எதைச் சாப்பிட்டிருப்பார்கள்?

நான் திட்டவில்லை. பெஞ்சில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் கொதித்தது.

"சாப்பாடு பிடிக்கலையா? இப்ப சூடாத்தான் போடறோம்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் உயரமானவள்தான் சொன்னாள். "சாப்பாட்டுக்கு இல்ல மிஸ். தட்டை எடுத்துக்கிட்டு வெயில்ல லைன்ல நிக்கணும், மண்ணுல உக்காரணும். மாடியில இருந்து எல்லாரும் பாக்கறாங்க. எங்கம்மா வேலை செய்யற வீடு அங்கதான் இருக்கு. அவங்க பொண்ணும் என் வயசுதான்."

நான் திரும்பி வந்து, பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் நின்று மேலே பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். சமையலறைக்குப் பின்னால், சுவரை ஒட்டிய மணல்தரை. அதற்கு நேர் மேலே வரிசை வரிசையாகப் பால்கனிகள். ஒரு பால்கனியில் ஒருவர் துணி காயப் போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் சோற்றின் பதத்தை மட்டும்தான் கவனித்திருக்கிறேன், இடத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

தலைமையாசிரியை கண்டிப்பானவர். சேலையூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். ஞாயிறு தவறாமல் சர்ச், திங்கள் தவறாமல் முதல் ஆள். மதியம் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறப்பார். நான் போனபோது மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம், பிள்ளைங்க வராண்டாவில உட்கார்ந்து சாப்பிடட்டும்."

"வராண்டாவா? சோறு சிந்தும், எறும்பு வரும், ஆஃப்டர்நூன் கிளாஸ் பூரா சாம்பார் வாசனை. டீச்சர்ஸ் கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்கம்மா."

"நான் துடைச்சுக் குடுக்கறேன் மேடம். ரெண்டாவது மணி அடிக்கறப்போ தரை காஞ்சிருக்கும்."

"நீங்களா துடைப்பீங்க?"

"நானும்தான்."

நான் இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும் என்று நின்றேன். "நீங்களும் டீச்சர்ஸும் அவங்களோட உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடணும் மேடம். உங்க சாப்பாட்டுக்கு ஆகிற செலவை நீங்களே குடுத்துடலாம். நீங்க உட்கார்ந்தா அது ஸ்கூல் சாப்பாடு. நீங்க உட்காராத வரைக்கும் இல்லாதவங்க சாப்பாடு."

சொன்ன பிறகுதான் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று பயம் வந்தது. அவர் டிபன் பாக்ஸை மூடினார். "எனக்குக் காரம் ஆகாது. அல்சர் இருக்கு" என்றார். அதுதான் அவருடைய ஒரே நிபந்தனை.

மறுநாள் வராண்டாவில் தலைமையாசிரியை சேலையைச் செருகிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாப்பிடும் முன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் செய்வது அவர் வழக்கம். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, சோற்றில் கை வைக்காமல் அவர் கண்ணைத் திறக்கும் வரை காத்திருந்தார்கள். அவர் கண்ணைத் திறந்து, எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து, "என்ன, ஆறிடும், சாப்பிடுங்க" என்றார். ஒரே சிரிப்பு.

பெரிய பெண்பிள்ளைகள் உடனே வரவில்லை. முதலில் ஒருத்தி வந்தாள், தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரி. பிறகு தட்டை வாங்கிக்கொண்டு தன் வகுப்பு ஆசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் நான்கைந்து பேர். ஒரு நாள் நிழற்குடையில் பார்த்த உயரமான பெண் என்னிடம் வந்து, "மிஸ், நான் பரிமாறட்டுமா?" என்றாள். கரண்டியைக் கொடுத்தேன். பரிமாறுகிறவள் பிச்சைக்கு வந்தவள் ஆக முடியாது என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள். அன்றிலிருந்து எட்டாம் வகுப்புதான் பரிமாறும், முறை வைத்து. பையன்களும்தான். கரண்டிக்குச் சண்டை வந்தது.

அரையாண்டுப் பரீட்சைக்குள் ட்ரம்மின் அடி தெரிய ஆரம்பித்தது. மீன்பாடி வண்டிக்காரர் ஒரு நாள் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா இது? முட்டைத் தோலும் கறிவேப்பிலையும்தான் கீது. இத வச்சிகினு நா இன்னா பண்றது?"

"பிள்ளைங்க சாப்பிட்டுட்டாங்கண்ணா."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தையும்."

"மாட்டுக்குப் பேஜாராப் போச்சேம்மா" என்று தலையைச் சொறிந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அண்டா கழுவும்போதெல்லாம் அக்கா அவர் சொன்னதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார். அந்த மாதிரி நாட்கள் அவை.

ஜனவரியில் எல்லாம் கவிழ்ந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். கடைசிப் பீரியடில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் வாந்தி எடுத்தான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த இன்னொரு பிள்ளையும் எடுத்தது. தலைமையாசிரியையும் நானும் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனோம். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக் கொஞ்ச நேரம் படுக்க வைத்தார்கள். இரண்டும் எழுந்து உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்துவிட்டன. நாங்கள் நிம்மதியாகத் திரும்பினோம். ஆனால் நாங்கள் திரும்புவதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருந்தது. சாம்பாரில் செத்த பல்லி. அது எங்கள் சாம்பாரே இல்லை, அந்தப் பாத்திரமே எங்களுடையது இல்லை. கீழே எங்கள் பள்ளியின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் கேட் அடைக்கப் பெற்றோர்கள் கூட்டம். பாதிப்பேர் கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். முன்னால் நின்று கத்தியவர் அந்தப் பையனின் அப்பா, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"எம் புள்ள தொவண்டு பூட்டான். இன்னாத்தப் போட்டு ஆக்குனீங்க? மனுசன் துன்றதா அது?"

"நேத்து அதே சாப்பாட்டைத்தான் நானும் சாப்பிட்டேன், ஹெச்.எம். மேடமும் சாப்பிட்டாங்க" என்றேன்.

"நீங்க அப்டித்தான் சொல்லுவீங்க!"

அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். அதிகாரிகள் வந்தார்கள், முந்தின நாள் சாப்பாட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த மாதிரியைப் பரிசோதனைக்குக் கொண்டு போனார்கள். முடிவு வரச் சில நாளாகும் என்றார்கள். அன்று மதியம் வராண்டா வெறிச்சென்று இருந்தது. வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்க வழியில்லாத ஏழெட்டுப் பிள்ளைகள் மட்டும் தட்டோடு வந்து, சாப்பிடலாமா வேண்டாமா என்று நின்றார்கள்.

அக்கா அடுப்படியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் போனை என்னிடம் நீட்டினார். அபார்ட்மெண்ட் பெண்ணின் குரல் செய்தி. நாளையிலிருந்து வர வேண்டாம், வீட்டில் எல்லாரும் பயப்படுகிறார்கள், தப்பாக நினைக்காதீர்கள் என்று மென்மையாகச் சொல்லியிருந்தார்.

"நா போறேன் டீச்சர். எம் பேரு நாறிப் போச்சு. தெருவுல போனா, பல்லி கொழம்பு வர்றான்னு சொல்றானுங்க."

"நீங்க போனா அது நிஜம்னு ஆயிடும் அக்கா."

"உனுக்கு இன்னா, சொல்லிட்ட. நாந்தான ஆக்குனது?"

"ரெண்டு பேரும்தான். உங்க பேரைத் தனியா யாரும் சொல்ல விட மாட்டேன்."

நான் அந்த அபார்ட்மெண்டுக்குப் போனேன். செக்யூரிட்டி இன்டர்காமில் பேசிவிட்டு, மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார். மறுநாளும் மீட்டிங்தான். அந்த வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்தப் பெண் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பிறகு தலைமையாசிரியை தன் சர்ச்சில் விசாரித்து, ஓய்வு பெற்ற ஒரு தம்பதி வீட்டில் அக்காவுக்கு மாலை வேலை வாங்கிக் கொடுத்தார். ஆனால் அது நடக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அக்கா ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வந்து சமைத்தார்.

"கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாமாம்மா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"அளவைக் குறைச்சுக்கலாம் மேடம். அடுப்பை அணைக்கக் கூடாது."

நிறுத்தினால் பயந்துவிட்டோம் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அதனால் தினமும் அதே நேரத்தில் தாளித்தோம். வாசனை வகுப்புகள் வரை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தோம். தலைமையாசிரியை அதே தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடித் திறந்து சாப்பிட்டார். மற்ற ஆசிரியைகளில் இருவர் டிபன் பாக்ஸுக்குத் திரும்பிப் போனார்கள். பரிமாறும் முறைக்காரர்களில் அந்த எட்டாம் வகுப்பு உயரமான பெண் மட்டும் முதல் நாளே வந்து கரண்டியை எடுத்துக்கொண்டாள். "அன்னிக்கு நானும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன் மிஸ். எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

இதெல்லாம் போதாது என்று எனக்குத் தெரியும். கேட்டில் கத்தியவரைத் தேடிக்கொண்டு பெருங்களத்தூர் ஷேர் ஆட்டோ நிறுத்தத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. சுற்றி நாலைந்து டிரைவர்கள்.

"நாளைக்குக் காலையில ஒரு ரெண்டு ட்ரிப்பை விட்டுட்டு வாங்கண்ணா. அரிசி களையறதுலேர்ந்து கூடவே இருந்து பாருங்க. திருப்தி இல்லேன்னா கேட்ல நின்னு நீங்க பேசுங்க, நானே உங்க பக்கத்துல நிக்கறேன்."

"வந்தா உள்ள விடுவீங்களா?"

"அடுப்படி வரைக்கும்."

வந்தார். கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றார். அரிசி களைவது, பருப்பு வேகவைப்பது, முட்டை கெட்டதா என்று ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும் பார்த்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் ஆட்டோக்காரர் ஜன்னலைக் காட்டினார். "கம்பிதான் கீது, வலை இல்ல. மேல ஓடு விலகிக்கினு கீது. பல்லி உழலன்னே வச்சிக்க. உழாதுன்னு எப்டி சொல்லுவ?"

சுருக்கென்றது. அவர் சொன்னது சரிதான். வலைக்காக நான் ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்தேன், வரவில்லை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனசில்லை. "சொல்ல முடியாதுண்ணா" என்றேன்.

அவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். பள்ளி வேலைநாளாக இருந்த அந்தச் சனிக்கிழமை, வெல்டிங் வேலை செய்யும் நண்பர் ஒருவரையும் ஒரு சுருள் கம்பி வலையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். ஜன்னலுக்கு வலை அடித்தார்கள், ஓட்டைச் சரி செய்தார்கள். மத்தியானம் அக்கா அவர்களுக்குச் சாப்பாடு போட்டார். ஆட்டோக்காரர் தட்டைக் கையில் வாங்கி ஒரு நொடி தயங்கினார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். "கொஞ்சம் உப்பு கம்மியா கீது" என்றார்.

"புள்ளைங்களுக்கு அவ்ளோதான் போடணும்" என்றார் அக்கா. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பரிசோதனை முடிவு வந்தது. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பையன் அன்று வேறு என்ன தின்றான் என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் முடிவு வருவதற்கு முன்பே பிள்ளைகள் திரும்பி வர ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டோ நிறுத்தத்தில் பையனின் அப்பா என்ன சொன்னாரோ, தாள் வருவதற்குள் அது தெருத் தெருவாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் ஒரு வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் இருவர் சமையலறைக்கு வந்து ருசி பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். சிலர் குறை சொல்வார்கள், சிலர் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இப்போது எங்கள் வராண்டாவில் எல்லாரும் உட்கார இடம் போதவில்லை, இரண்டு பந்தியாகப் போடுகிறோம். பழைய அண்டா பற்றவில்லை என்று பெரியது வாங்கியிருக்கிறோம். அதைத் தூக்க மூன்று பேர் வேண்டும். பக்கத்துப் பள்ளிகளின் அமைப்பாளர்களை அதிகாரிகள் அழைத்து வந்து காட்டுகிறார்கள். வருகிறவர்கள் மசாலா அளவு கேட்கிறார்கள். நான் முதலில் தட்டைக் கையில் கொடுத்துப் பிள்ளைகள் நடுவே உட்கார வைத்துவிடுகிறேன். உட்கார்ந்து எழுந்த பிறகு அவர்கள் கேட்கிற கேள்வியே மாறிவிடுகிறது.

கீரை விஷயத்தில் மட்டும் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். முருங்கைக்கீரை போட்டால் இலை இலையாகப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறார்கள், தலைமையாசிரியை உட்பட. பருப்போடு கடைந்து பார்த்தோம், பொரியலாகப் பார்த்தோம், நடக்கவில்லை. அக்கா இப்போது அதை வெங்காயத்தோடு வதக்கி அரைத்துச் சோற்றிலேயே கிளறிவிடலாம் என்கிறார். பச்சை நிறம் தெரிந்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிறார் உதவிக்கு இருக்கும் பெண். கண்டுபிடிக்கட்டும். வெள்ளிக்கிழமை செய்து பார்க்கிறோம். சாப்பிடவில்லை என்றால், அடுத்த வெள்ளிக்கிழமை வேறு மாதிரி.